கணினியில் காற்றாடி சுழல்கிறது, திரை வரவில்லை: ‘போர்டு போய்விட்டது’ என்பதற்கு என்ன ஆதாரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். கடந்த மாதம் மகள் வீட்டில் இரண்டு வாரம் தங்கிவிட்டுத் திரும்பி வந்து, 2017இல் வாங்கிய எங்கள் மேசைக் கணினியை இயக்கினேன். பெட்டியின் முகப்பில் விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி வழக்கம்போல் சுழன்றது. ஆனால் மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்துகள் சில வினாடிகள் மிதந்துவிட்டுத் திரை இருண்டுபோனது. நாலைந்து முறை அணைத்து அணைத்துப் போட்டும் பலன் இல்லாததால், பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நகரில் உள்ள ஒரு பழுதுநீக்கும் கடைக்குச் சென்றேன்.

கடையில் இருந்த இளைஞர் பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். தம்மிடமிருந்த மானிட்டரை இணைத்து ஒருமுறை ஆன் செய்தார். “போர்டு போயிருச்சு சார்” என்றார். எல்லா உறுப்புகளையும் இணைக்கும் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டைத்தான் அப்படிச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வகை மதர்போர்டு இப்போது வருவதில்லை என்றும், புதுப் போர்டுக்கு, கணக்கீடுகளைச் செய்யும் சில்லான பழைய ப்ராசஸர் பொருந்தாது என்றும், ஆகவே போர்டு, ப்ராசஸர், ராம் (தற்காலிக நினைவகம்) மூன்றையும் சேர்த்து மாற்ற 16,800 ரூபாய் ஆகும் என்றும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பழையவற்றை எடுத்துக்கொண்டு 800 ரூபாய் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். போர்டு போய்விட்டது என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். “டிஸ்பிளே வரலையே சார்” என்றார். டிஸ்பிளே ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் நான் அங்கே போயிருந்தேன்.

பெட்டியை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றி வீட்டிற்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாள் கழித்து அது ஓடத் தொடங்கியது. அதற்கு ஆன செலவு, ஆட்டோக் கூலியை விட்டுவிட்டால், ஒரு பொத்தான் பேட்டரியும் விரல்நுனி அளவுள்ள ஒரு ஸ்பீக்கரும் மட்டுமே. இரண்டும் சேர்ந்து நூறு ரூபாயைத் தாண்டவில்லை. அந்தக் கடையின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருவிலேயே வேறு இரண்டு வீட்டார் வேறு வேறு கடைகளில் இதே பதிலைக் கேட்டுவிட்டுப் புதுக் கணினி வாங்கியிருக்கிறார்கள் என்பதால், இதை ஒரு கடையின் குறையாக நான் பார்க்கவில்லை.

கணினியை ஆன் செய்தவுடன் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் என் புகார் விளங்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி 12, 5, 3.3 வோல்ட் எனப் பிரித்துத் தருகிறது. அந்த அழுத்தங்கள் நிலைப்பட்ட பிறகு, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு முதல் பாதி வரையான இடைவெளிக்குள், ‘மின்சாரம் சரியாக உள்ளது’ என்ற ஒரு சமிக்ஞையை அது மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அது வரும்வரை ப்ராசஸர் கட்டிப்போடப்பட்ட நிலையிலேயே இருக்கும். சமிக்ஞை வந்ததும் ப்ராசஸர் விழித்து, போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க நிரலைப் படிக்கத் தொடங்கி, முதலில் ராம் நினைவகத்தைத் தேடுகிறது. ராம் தயாராகும்வரை தன்னுள் இருக்கும் சிறிய கேஷ் நினைவகத்தை வைத்தே ஒப்பேற்றுகிறது. ராம் கிடைத்துச் சரியாக வேலை செய்கிறது என்று உறுதியான பின்புதான் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியை எழுப்புகிறது. நாம் பார்க்கும் முதல் எழுத்தோ நிறுவனச் சின்னமோ இத்தனை படிகளையும் கடந்து வந்தது.

ஆகவே இந்தப் படிகளில் எது தடுக்கினாலும் நமக்குத் தெரிவது ஒரே கறுப்புத் திரைதான். காற்றாடி சுழல்வதோ 12 வோல்ட் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று. கணினி உயிரோடு இருக்கிறது என்பதற்கும் அது சான்றாகாது, போர்டு செத்துவிட்டது என்பதற்கும் சான்றாகாது. ப்ராசஸருக்கு மட்டும் உரிய ‘சிபியு’ என்ற பெயராலேயே ஊரில் பலரும் அந்தப் பெட்டி முழுவதையும் அழைப்பதால், உள்ளே பல உறுப்புகள் தனித்தனியே இருக்கின்றன என்பதே மறந்துபோய், ‘சிபியு போயிருச்சு’ என்றால் நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

கறுப்புத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கண்டறிய வழி இல்லாமல் இல்லை. 1981இல் வெளிவந்த ஐபிஎம் நிறுவனத்தின் முதல் பர்சனல் கம்ப்யூட்டரிலேயே, தன்னைத்தானே சோதித்து முடித்ததும் ஒரு சின்ன ‘பீப்’ ஒலி எழுப்பும் ஏற்பாடு இருந்தது. கோளாறு இருந்தால் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். அவார்டு என்ற நிறுவனத்தின் பயாஸ் உள்ள பழைய போர்டுகளில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்தால், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதியில் கோளாறு என்று பொருள். பயாஸுக்குப் பயாஸ் இந்தக் கணக்கு மாறும் என்பதால், போர்டின் கையேட்டைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். இப்போது வரும் போர்டுகள் சிலவற்றில் சிபியு (ப்ராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (மென்பொருள் தொடக்கம்) எனப் பெயரிட்ட நான்கு குட்டி விளக்குகள் இருக்கின்றன. எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் வேலை தடைப்பட்டிருக்கிறது. என் போர்டில் அந்த விளக்குகள் இல்லை. ஸ்பீக்கருக்கான நான்கு ஊசிகள் இருந்தன, ஸ்பீக்கர்தான் இல்லை. கணினியை அடுக்கிக் கொடுத்தபோதே அதைப் பொருத்தாமல் விட்டுவிட்டார்கள் என்பது எட்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சின்ன ஸ்பீக்கரை வாங்கிப் பொருத்திவிட்டு நான் செய்த முதல் சோதனை, இரண்டு ராம் பட்டைகளையும் முற்றாகக் கழற்றிவிட்டு ஆன் செய்து பார்த்ததாகும். நீண்ட பீப் ஒலி திரும்பத் திரும்ப எழுந்தது. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, இப்போது வேறு என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்டார். எனக்கோ அந்த அலறல் நாதஸ்வரம்போல் இருந்தது. ராம் இல்லை என்று முறையிட வேண்டுமானால் ப்ராசஸர் விழித்திருக்க வேண்டும், பயாஸ் நிரல் ஓட வேண்டும், அவற்றுக்கு மின்சாரம் ஒழுங்காக வந்துகொண்டிருக்க வேண்டும். ‘போர்டு போயிருச்சு’ என்ற தீர்ப்பு அந்த ஓர் ஒலியிலேயே ஏறத்தாழ அடிபட்டுப்போனது. இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைத்தான் கடையில் செய்யவில்லை.

அடுத்து ஒரு பட்டையை மட்டும் செருகிப் பார்த்தேன். ஓசை வேறுவிதமாக மாறியதே தவிரத் திரை வரவில்லை. அதை எடுத்துவிட்டு மற்றொன்றைச் செருகியதும், ஒரே ஒரு குறுகிய பீப் ஒலியோடு திரையில் எழுத்துகள் வந்தன. முதல் பட்டையின் தொடுமுனைகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுத் துணியால் துடைத்து, அது செருகப்படும் ஸ்லாட்டில் இருந்த தூசியைத் தூரிகையால் நீக்கி, இரு முனைக் கொக்கிகளும் ‘டிக்’கென்று விழும்வரை அழுத்திச் செருகியதும் அதுவும் வேலை செய்தது. கடைகளில் இதற்குப் பென்சில் ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். வேறு வழி இல்லாதபோது அதுவும் பலன் தரும், ஆனால் தேய்க்கத் தேய்க்க மெல்லிய தங்கப் பூச்சும் தேயும், உதிரும் துணுக்குகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து புதிய தொல்லையைத் தரும்.

இரண்டு வாரம் சும்மா இருந்த ஒரு பொருள் ஏன் இப்படியாக வேண்டும் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்காமலே விளங்கும். உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் தூத்துக்குடியில் சன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் படும் பாட்டைத்தான் கணினியும் படுகிறது. என்னுடையதுபோன்ற டிடிஆர்4 வகை ராம் பட்டை ஒன்றில் 288 தொடுமுனைகள், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன. செம்பின் மேல் நிக்கல், நிக்கலின் மேல் மிக மெல்லிய தங்கம். தங்கம் துருப்பிடிப்பதில்லை, ஆனால் பூச்சில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகளின் வழியே உப்பு ஈரம் உள்ளே இறங்கி அடியிலுள்ள உலோகத்தை அரிக்கிறது. கணினி ஓடும்போது சூடாகி விரிவதும் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதுமாகத் தொடுமுனைகள் நுண்ணளவில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 288இல் முக்கியமான ஒன்றிரண்டு முனைகள் தொடர்பை இழந்தால் போதும், பயாஸ் அந்த ராமை ஏற்காது. பூட்டிய வீட்டில், வெப்பமே இல்லாமல், ஈரக்காற்றில் இரண்டு வாரம் கிடந்த கணினிக்கு இது நேர்ந்ததில் வியப்பில்லை.

திரை வந்தபோது அதில் தெரிந்த தேதி பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதியாக இருந்தது. போர்டில் இருக்கும் சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தேன், 2.1 வோல்ட்தான் காட்டியது. தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அந்தப் பேட்டரிதான். அது தீர்ந்துபோனதால் மட்டுமே எல்லாக் கணினியிலும் திரை நின்றுவிடாது. ஆனால் அமைப்புகள் குழம்பித் திரை வராமல் போவதும் உண்டு. பேட்டரியை மாற்றுவது, கையேட்டில் சொன்னபடி அமைப்புகளை ஒருமுறை அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது ஆகியவை அதிகச் செலவில்லாத சோதனைகள். புதிய டிடிஆர்5 ராம் உள்ள கணினிகளில் இவ்வாறு அழித்தபின் முதல்முறை ஆன் செய்யும்போது, ராமை அளந்து பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள்வரை திரை கறுப்பாகவே இருக்கக்கூடும். பொறுமையிழந்து பவர் பொத்தானை அமுக்குபவர்கள், நடந்துகொண்டிருக்கும் வேலையைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவையும் உண்டு. மானிட்டரில் விஜிஏ, எச்டிஎம்ஐ என்று இரண்டு மூன்று வாய்கள் இருக்க, கேபிள் ஒன்றிலும் மானிட்டரின் தேர்வு மற்றொன்றிலும் இருந்தால் ‘நோ சிக்னல்’ என்றுதான் வரும். வீட்டைத் துடைக்கும்போது கேபிளைக் கழற்றி மாட்டியவர், தனியாகக் கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டின் வாயில் செருகிவிடுவதும் அடிக்கடி நடக்கும் பிழை. பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து உள்ள இன்டெல் ப்ராசஸர்களில் படம் அனுப்பும் பகுதி செயல்படாது. அத்தகைய கணினியில் போர்டின் எச்டிஎம்ஐ வாயில் எவ்வளவு நல்ல கேபிளைச் செருகினாலும் திரை வராது. கீபோர்டில் நம்லாக் பொத்தானைத் தட்டினால் விளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுகிறதா என்று பார்ப்பது மற்றொரு எளிய வழி. மாறினால் கணினி தன் சோதனையை முடித்துவிட்டு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது தேட வேண்டிய இடம் மானிட்டர், கேபிள், கிராபிக்ஸ் கார்டு ஆகியவைதான்.

திறப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்தையும் ஓர் ஆசிரியனாக நான் சொல்லியாக வேண்டும். அணைத்த கணினியிலும் 5 வோல்ட் மின்சாரம் போர்டில் காத்துக்கொண்டிருக்கும் என்பதால், சுவரிலிருந்து பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்து எஞ்சியதை வடித்துவிட வேண்டும். உடலில் உள்ள நிலைமின்னேற்றம் போகப் பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் ஈரப்பதத்தில் அந்தத் தொல்லை குறைவு என்றாலும், குளிரூட்டிய அறையில் அப்படிச் சொல்ல முடியாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கவே கூடாது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். அந்த அளவு மின்னழுத்தம், பவர் கார்டைப் பிடுங்கிய பிறகும், மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள் என்ற உள்ளுறுப்புகளில் தங்கியிருக்கக்கூடும்.

என் கணினியில் ராம்தான் காரணம் என்பதால் எல்லாக் கணினியிலும் அதுவே காரணம் என்று நான் வாதிடவில்லை. ப்ராசஸருக்கு 12 வோல்ட் தரும் தனி இணைப்பி, நான்கு முனையோ எட்டு முனையோ, நழுவியிருந்தால் காற்றாடி சுழலும், திரை வராது. வலுவிழந்த எஸ்எம்பிஎஸ் காற்றாடியை ஓட்டிவிடும், ப்ராசஸருக்குச் சுமை ஏறும்போது சரிந்துவிடும். அதைக் கண்டறிய நல்ல நிலையில் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி, கடைக்காரரிடம் அது எப்போதும் இருக்கும். எறும்போ பல்லியோ போர்டின் அடியில் சிக்கிக் கருகிக் கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட போர்டுகள் பலவற்றில் தரம் குறைந்த மின்தேக்கிகள் தலை உப்பிக் கசிந்து, உண்மையாகவே போர்டைக் கொன்றன. போர்டு போவது உண்டு. ஆனால் அது இறுதியாக, மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு வர வேண்டிய முடிவு.

கடைக்காரர் பக்கத்தையும் நான் யோசித்துப் பார்த்தேன். சோதனைக்குக் கட்டணம் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். ராமைத் துடைத்துச் செருகிவிட்டு 300 ரூபாய் கேட்டால், இதற்கா என்று பேரம் பேசுகிறார். ஆகவே பொருள் விற்றால்தான் கடைக்கு வருமானம், பொருளை விற்க வேண்டுமானால் பழைய பொருள் கெட்டிருக்க வேண்டும் என்ற நிலை தானாகவே உருவாகிவிடுகிறது. இதில் நம் பங்கும் இருக்கிறது. அறிவுக்கும் நேரத்துக்கும் கூலி கொடுக்க நாம் பழகாதவரை, கடைகளும் போர்டைத்தான் விற்கும். நியாயமான சோதனைக் கட்டணத்தை வெளிப்படையாக எழுதி வைத்து வாங்கிக்கொள்ளட்டும். எந்த உறுப்பு கெட்டது, எந்தச் சோதனையால் அது தெரிந்தது என்பதை இரண்டு வரியில் எழுதித் தரட்டும். மாற்றிய பழைய உறுப்பைக் கேட்காமலே திருப்பித் தரட்டும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குபவர் உரிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைச் சேவைக் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. ரசீது தராமல் இருப்பதை முறையற்ற வணிக நடைமுறையில் சேர்த்திருக்கிறது. துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தரும் பழக்கத்தைக் கடைகள் கைவிட இந்த இரண்டுமே போதுமான காரணங்கள். ஒத்துவராத இடத்தில், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் பேச நாமும் தயங்கக் கூடாது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 மென்பொருளுக்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. என்னுடையதுபோல் ஏழாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர் உள்ள கணினிகள் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறவில்லை. “எப்படியும் மாத்தத்தானே சார் போறீங்க” என்ற வாசகம் கடைகளில் எளிதாக வந்துவிழுகிறது. மாற்றுவதா, லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளைப் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவதா என்பது உரிமையாளர் நிதானமாக எடுக்க வேண்டிய முடிவு. நான் லினக்ஸுக்கு மாறிவிட்டேன். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கை எழுத அதுவே தாராளம்.

பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கத் துணிபவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். திரை வராததற்கும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள கோப்புகளுக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. அன்று நான் கடைக்குக் கொண்டுபோன பெட்டியில், பத்தாண்டுக் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும் பேத்தியின் பள்ளிச் சான்றிதழ் நகல்களும் அப்படியே இருந்தன. டிஸ்க்கைக் கழற்றிக் கையில் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்பதைக் கடைக்காரரும் எனக்கு நினைவூட்டவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்த பதற்றத்தில் எனக்கும் தோன்றவில்லை. அன்று 16,800 ரூபாய் கையில் இருந்திருந்தால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

பள்ளிகளில் கணினி அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், ஓராண்டுக்கு ஒரு வகுப்பையாவது பழைய கணினி ஒன்றைத் திறந்துவைத்து, ராமைக் கழற்றி மாட்டவும் அந்த அலறலைக் கேட்கவும் மாணவர்களுக்கு வாய்ப்பளிக்குமாறு தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். கணினிகளை அடுக்கி விற்கும் கடைக்காரர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சிறியது. போர்டில் அந்த நான்கு ஊசிகள் இருந்தால், விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தக் குட்டி ஸ்பீக்கரைப் பொருத்தித் தாருங்கள். அதன் விலையைப் பில்லில் சேர்த்துக்கொண்டாலும் யாரும் மறுக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தூத்துக்குடி.